பதவி விலகுவதே நேர்மையா?

ஒரு சபையின் போதனையைக் காப்பதாக வாக்களித்துப் பொறுப்பேற்ற ஒருவர், அப்போதனையின் ஒரு பகுதி உண்மையல்ல என்று பின்னாளில் கண்டால் என்ன செய்ய வேண்டும்? விலகிவிட வேண்டுமா, பதவியில் இருந்தபடியே கண்டதைச் சொல்ல வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோவின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

1814இல் கார்ன்வாலில் பிறந்த கொலென்சோ கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். 1853இல் நட்டாலின் முதல் பேராயரானார். ஜூலு மொழியைக் கற்று அதற்கு அகராதி தொகுத்தார். வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற வில்லியம் ங்கிடி என்ற ஜூலு உதவியாளர் ஒருநாள் அவரிடம், நோவா காலத்துப் பெருவெள்ளம் சொல்லப்பட்டபடியே நடந்ததா என்று கேட்டார். நிலவியல் அறிந்த கொலென்சோவுக்கு ஆம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1862 முதல் அவர் எழுதி வெளியிட்ட நூல்வரிசை அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்தது. யாத்திராகமம் குறிப்பிடும் ஆறு லட்சம் ஆண்களும் அவர்களுடைய குடும்பங்களும் கால்நடைகளும் வனாந்தரத்தில் பிழைத்திருக்க இயலாது என்று கணக்கிட்டுக் காட்டி, மோசேயின் ஆகமங்களை வரிக்கு வரி வரலாறாகக் கொள்ள முடியாது என்றார்.

தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபைக்குத் தலைமை வகித்த கேப் டவுன் பேராயர் ராபர்ட் கிரே 1863இல் அவரைப் பதவி நீக்கினார். கிரேக்கு அந்த அதிகாரம் இல்லை என்று, குடியேற்ற நாடுகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1865இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே கிரே அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். சட்டம் கொலென்சோவின் பக்கம் நின்றது. ஆனால் சட்டம் இடம் தருவதெல்லாம் அறமாகிவிடாது.

விலகச் சொன்னவர்களின் வாதம் வலுவானது. அவருடைய நெடுநாள் நண்பரான இறையியலாளர் எஃப். டி. மாரிஸ்கூட அதையே விரும்பினார். சபை தந்த பதவியிலிருந்து பேசும்போது ஒருவருடைய தனிக்கருத்தும் சபையின் குரலாகவே ஒலிக்கிறது. விலகிவிட்டால் அவர் எதையும் பேசலாம், எவர் நம்பிக்கைக்கும் துரோகமில்லை. மேலும், அவர் விலகாததன் விலையைப் பிறரும் கொடுத்தனர். 1869இல் போட்டிப் பேராயர் ஒருவர் நியமிக்கப்பட்டார். நட்டால் திருச்சபை இரண்டாகப் பிளந்தது.

எதிர்வாதமும் அறத்தின் மேல்தான் நிற்கிறது. சபைக்குத் தரும் வாக்குறுதி உண்மைக்கு ஊழியம் செய்வதற்கான வாக்குறுதி. போதகர்கள் தங்களை நம்பி வந்தவரின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வது அந்த ஊழியத்தின் முதல் கடமை. ஐயம் கொண்டவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், உள்ளே எஞ்சுவோரில் ஐயத்தை மறைக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். அது வாய்மையைத் தண்டித்து மௌனத்துக்குப் பரிசளிப்பதாகும்.

கொலென்சோவின் பிற்கால வாழ்க்கையையும் இங்கே எடைபோட வேண்டும். 1873இல் ஹ்லுபி மக்களின் தலைவர் லங்காலிபலேலே, துப்பாக்கிப் பதிவு தொடர்பான தகராறில் கலகக்காரராக அறிவிக்கப்பட்டுப் பிடிபட்டார். முறையற்ற விசாரணைக்குப் பின் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மக்களின் நிலமும் மாடுகளும் பறிக்கப்பட்டன. கொலென்சோ அவருக்காக இங்கிலாந்துவரை சென்று வாதாடினார். வேத விவகாரத்தில் தம்மை ஆதரித்த வெள்ளைக் குடியேறிகளையும், அதிகாரத்தில் இருந்த நெடுநாள் நண்பர் ஷெப்ஸ்டோனையும் அதனால் இழந்தார். 1879இல் இசாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படை ஜூலுக்களிடம் தோற்ற பின், பழிவாங்கும் வெறி கொதித்த நாட்களில், ஜூலு நாட்டின் மீது பிரிட்டன் தொடுத்த போர் அநீதியானது என்று பிரசங்கமேடையிலேயே சொன்னார்.

பிந்தைய நற்செயல் முந்தைய முடிவை நியாயப்படுத்திவிடாது. ஆனால் அந்த முடிவு எந்த இயல்பிலிருந்து பிறந்தது என்பதை அது காட்டுகிறது. பதவியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் பதவியில் நிலைத்து நிற்பவருக்கும் வேறுபாடு உண்டு. முன்னவர் தமக்கு ஆதரவு தருவோர் விரும்புவதைப் பேசுவார். பின்னவர் அவர்களையும் இழக்கத் துணிவார். கொலென்சோ சபையின் மேலோரை ஒருமுறையும், தம் இனத்தவரை மறுமுறையும் இழந்தார். இரண்டு முறையும் எதையும் மறைக்கவில்லை.

ஆகவே, மாறிய கொள்கையோடு பதவியில் இருப்பது எப்போதும் தவறு என்று விதிக்க முடியாது. மறைத்துக்கொண்டு இருப்பது தவறு. ஆதாயத்துக்காக இருப்பது தவறு. கண்டதை வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய இழப்பையும் ஏற்று, குரலற்றவருக்காக அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர் தம் வாக்கை மீறியவர் ஆகமாட்டார்.