ஈன்றாளும் ஞானத் தந்தையும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என வரிசைப்படுத்திச் சொல்வது தமிழர் வழக்கு. இவ்வரிசையில் தாய்க்கு முதலிடம். ஆசானுக்குத் தெய்வத்துக்கு முந்திய இடம். ஆயின், போற்றுதல் என்பது யாது? தாயின் இறைப்பற்றுக்காக அவளைப் போற்றும் மகன், அவள் நம்பியதனாலேயே ஒன்றை நம்புதல் தகுமா? அவளுடைய குறைகளை மறைத்தல்தான் மரியாதையா? இவ்வினாக்களை ஆராய்வார்க்குக் கிறித்தவ உலகம் அளிக்கும் தலைசிறந்த சான்று, மோனிக்கா அம்மையாரும் அவர்தம் மைந்தர் அகுஸ்தீனாரும் ஆவர்.

இன்றைய அல்ஜீரிய நாட்டில் அமைந்திருந்த தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு அகுஸ்தீனார் பிறந்தார். தந்தை தம் வாழ்நாளின் இறுதியிலேதான் திருமுழுக்குப் பெற்றார். தாயோ இளமை தொட்டே கிறித்தவர். கார்த்தேஜ் நகருக்குக் கற்கச் சென்ற மகன், மானி என்பார் நிறுவிய சமயத்தைச் சார்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் நின்றார். அன்னை ஆறாத் துயருற்றார். மகனோடு ஒரே வீட்டில் உண்ணவும் ஒரு காலத்தில் மறுத்தார்.

அம்மையார் ஆயர் ஒருவரை நாடி, மகனோடு வாதிட்டுத் திருத்துமாறு வேண்டினார். அவ்வாயர் இணங்கவில்லை. இளைஞன் தானே படித்துத் தெளிவான். அதுவரை அவனுக்காக வேண்டிக்கொண்டிருப்பதே போதும் என்றார். அவர்தம் தாயாரும் மானியின் சமயத்தை நம்பி, மகனைச் சிறு பருவத்திலேயே அங்கு ஒப்படைத்தவர். அவரோ எவரும் வாதிடாமலே, நூல்களைப் பயின்று அதனின்று விலகியவர்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. தாய் தந்த நம்பிக்கை என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடுமாயின், அவ்வாயர் விலகியது பிழையாகும். நம்பிக்கை, நிலம்போலவும் நகைபோலவும் கைமாற்றித் தரும் சொத்தன்று. தருவோர் தரலாம், பெறுவோர் தம் அறிவாலும் உள்ளத்தாலும் அதனை மீண்டும் கண்டடைதல் வேண்டும்.

383ஆம் ஆண்டில், நண்பர் ஒருவரை வழியனுப்புவதாகத் தாயிடம் பொய்யுரைத்துவிட்டு, அகுஸ்தீனார் இரவோடு இரவாக உரோமைக்குக் கப்பலேறினார். காலையில் கடற்கரையில் நின்று புலம்பிய தாய், பின்னர்க் கடல் கடந்து மிலான் நகர்வரை மகனைத் தேடிச் சென்றார்.

அந்நகரில்தான் ஆசான் வாய்த்தார். ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளை, அவற்றின் சொல்நயத்துக்காகவே அகுஸ்தீனார் முதலிற் கேட்டார். சொல்லோடு பொருளும் மெல்லப் புகுந்தது. அம்புரோசியார் அவரைத் துரத்திச் சென்று போதித்தாரல்லர். அவர் வாய்விடாது நூல் படித்துக்கொண்டிருக்க, திறந்த கதவுவழி வந்த அகுஸ்தீனார் நெடுநேரம் அமர்ந்திருந்து, வாளா திரும்பியதும் உண்டு. இத்தகைய தாயைப் பெற்றாயே என்று அவ்வாசான் மாணவரை வாழ்த்துவதும் வழக்கம். தாய் காத்திருந்தார், ஆசான் கதவை அடைக்காதிருந்தார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தீனார் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

பல்லாண்டுகள் கழித்து, தம் வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலில், அகுஸ்தீனார் அன்னையின் பெருமையை உருக்கத்தோடு எழுதினார். ஆனால், குறைகளை மறைத்தாரல்லர். சிறுமியாயிருந்த மோனிக்கா மதுவைத் திருட்டுத்தனமாகச் சுவைக்கப் பழகியதையும், பணிப்பெண் ஒருத்தியின் ஏச்சினால் திருந்தியதையும் எழுதினார். மகனுக்குத் திருமணம் முடிக்கத் தாய் பெரிதும் முயன்றதையும், அதற்குத் தடையெனக் கருதப்பட்டு, அவருக்கு ஒரு மகனை ஈன்ற பெண் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு ஆப்பிரிக்காவுக்கே திரும்பியதையும், அதனால் தம் நெஞ்சு புண்பட்டதையும் எழுதினார். பெயர் கூறப்படாத அப்பெண்ணின் துயரம், இன்றும் அப்பக்கத்தைப் படிப்பார் உள்ளத்தை உறுத்துகிறது.

ஈன்றவளின் குறையைப் பறைசாற்றுதல் நன்றிகேடாகாதா எனின், ஆகாது. குறையே இல்லாதவள் எனச் சித்திரித்தால், அவள் எட்டாத உயரத்துச் சிலையாகிவிடுவாள். வணங்கலாம், பின்பற்ற இயலாது. தவறியும் திருந்தியும் அன்பில் தளராது நின்ற பெண்மணியாகக் காட்டும்போதுதான் அவள் வாழ்வு பிறர்க்கு வழியாகிறது.

அதே 387ஆம் ஆண்டில், தாயகம் திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா 56ஆம் அகவையில் நோயுற்றார். கணவரின் கல்லறைக்கருகே அடங்க விரும்பியிருந்தவர், உடலை எங்கேனும் புதையுங்கள், இறைவனின் பலிபீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்றார். அவர்தம் கல்லறைக் கல்வெட்டின் உடைந்த பகுதி 1945ஆம் ஆண்டில் மண்ணினின்று வெளிப்பட்டது. கல் உடைந்து மண்ணில் மறைந்திருந்த காலமெல்லாம், மகன் எழுதிய உண்மை அன்னையை மறவாது காத்தது.

தாயையும் ஞான ஆசானையும் போற்றுதலாவது, அவர்தம் சொல்லைக் கண்மூடி ஏற்பதன்று. குறை மறைத்துப் புகழ்வதுமன்று. அவர்கள் விதைத்ததைத் தம் உள்ளத்தில் ஆய்ந்து வளர்த்து, அவர்களை உள்ளவாறே நினைவுகூர்தலாம். கற்பிக்கும் பணி பூண்டோர் இதனின்று பெறும் பாடமும் ஒன்றுண்டு: தாமே கண்டடையும் வரை மாணவரைப் பொறுத்திருந்து, கதவைத் திறந்தே வைத்திருத்தலும் ஆசிரியக் கடமையேயாம்.