திருவடி நோக்கிய முழக்கம்

காளியன் தலைமீது கண்ணன் ஆடத் திருவுள்ளங் கொண்டான். அதனைக் கண்ட பின்னரே கந்தர்வரும் சித்தரும் சாரணரும் மிருதங்கம், பணவம், ஆனகம் முழக்கி வந்தனர் என்பது ஸ்ரீமத் பாகவதம், தசம ஸ்கந்தம் 16-ஆம் அத்தியாயம். முன்னே எழுந்தது திருவடி; பின்னே எழுந்தது முழக்கம்.

ஆடவைக்கும் தாளத்தின் இரகசியம் இதுவே. தன் கைவேகத்தைக் காட்ட விழைபவன் சொற்கட்டுகளை நெருக்குவான். கேட்போர் வியப்பர், கால் எழாது. ஆடுவோர் பாதத்தை நோக்குபவனோ, கொட்டுக்கும் கொட்டுக்கும் நடுவே கால் ஊன்ற இடம் விடுவான்.

திருச்செங்கோட்டு மலையில் எழுந்தருளியுள்ள ஆதிகேசவப் பெருமாள் வைகாசித் திருவிழாவில் புறப்பாடு காணும்போது, தவில் முழக்குவோர் கண் ஸ்ரீபாதம் தாங்குவோர் நடைமேல் இருக்கட்டும். அவர்தம் தோளில் இருப்பது எம்பெருமான் திருமேனியன்றோ? தாளம் தடுமாறில் தோளும் தடுமாறும். தன் திறமை மறையுமிடத்தில் கைங்கரியம் பிறக்கிறது. சேவிக்க வந்த அன்பர்களே, இது வாத்தியத்திற்கு மட்டுமா?