பரிந்துரையும் ஒரே இணைப்பாளரும்: விண்ணகப் புனிதரிடம் வேண்டுதல் குறித்த விவிலியச் சான்றுகள்

விண்ணகத்தில் வாழ்வதாக நம்பப்படும் புனிதரை விளித்து, தமக்காக இறைவனை வேண்டுமாறு மண்ணுலகில் உள்ளோர் கேட்பதற்கு விவிலியத்தில் சான்று உண்டா என்னும் வினா, ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் கூர்மை பெற்றது. அது தமிழகக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். அதே கடற்கரையில், தெற்கே வேளாங்கண்ணியில், மரியன்னையின் துணையை நாடும் வழிபாடு வேரூன்றியிருந்தது. லூத்தரன் மறைப்பணியாளரின் கொள்கைகளை மறுத்து வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் ஆகிய உரைநடை நூல்களை இயற்றினார். நம் இலக்கிய வரலாறுகள் இந்நூல்களின் நடையைப் போற்றும் அளவுக்கு அவற்றின் வாதத்தைப் பொருட்படுத்துவதில்லை. வாதத்தை விட்டு நடையை மட்டும் எடுத்துக்கொள்வது, பூசலின் காரணத்தை அறியாமல் வசைமொழியின் சுவையை மட்டும் துய்ப்பது போன்றதே.

இவ்வினாவில் இரண்டு வினாக்கள் கலந்துள்ளன. விண்ணகத்தார் மண்ணுலகோருக்காக வேண்டுகின்றனரா என்பது ஒன்று. மண்ணுலகோர் அவர்களை விளித்து அவ்வாறு வேண்டும்படி கேட்கலாமா என்பது மற்றொன்று. முதல் வினாவில் இரு தரப்பாருக்கும் இடையே பெரும்பகை இல்லை என்பது பலர் அறியாத செய்தி. 1530இல் வெளியான ஆகஸ்பர்க் அறிக்கையின் 21ஆம் பிரிவு, புனிதரை நினைவுகூர்ந்து அவர்தம் நம்பிக்கையைப் பின்பற்றலாம் என்கிறது. அவர்களை விளித்து உதவி கேட்குமாறு மறைநூல் கற்பிக்கவில்லை என்று மறுக்கிறது. அதற்கு அரணாக 1531இல் மெலாங்தன் எழுதிய விளக்கமோ, விண்ணகத்தில் புனிதர் திருச்சபைக்காகப் பொதுவாக வேண்டுகின்றனர் என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆகவே பூசல் முழுவதும் இரண்டாம் வினாவின்மீதே நிற்கிறது. விவிலியச் சான்றுகளையும் அந்த வினாவை நோக்கியே நிறுத்தி அளக்க வேண்டும்.

மறுப்போர் முதலில் காட்டுவது 1 திமொத்தேயு 2:5. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே ஒருவரே உளர், அவர் கிறிஸ்து என்பது அதன் கருத்து. பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பு இங்கு ‘மத்தியஸ்தர்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘இணைப்பவர்’ என்கிறது. மத்தியஸ்தர் என்றதும் வழக்கில் நடுநின்று பேசுபவரின் உருவம் தமிழர் மனத்தில் எழும். பேசுபவர் ஒருவரே என்றால் புனிதர் பேசுவதற்கு இடமில்லை என்னும் முடிவு தானே வந்துவிடும். ஆனால் கிரேக்க மூலத்தில் உள்ள ‘மெசித்தேஸ்’ என்னும் சொல்லின் களம் வேறு. எபிரேயர் திருமுகத்தில் அது மூன்று இடங்களில் வருகிறது (8:6, 9:15, 12:24), மூன்றிலும் உடன்படிக்கையோடு இணைந்தே வருகிறது. திமொத்தேயு திருமுகத்திலும் அடுத்த வசனமே, அவர் தம்மையே மீட்பின் விலையாகக் கொடுத்ததைக் கூறி, அந்த இணைப்பு எத்தகையது என்பதை வரையறுக்கிறது. இங்குக் கூறப்படுவது மீட்பின் செயல். பரிந்து பேசுதல் அன்று.

பரிந்து பேசுதலுக்குரிய சொல் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் உள்ளது என்பது நோக்கத்தக்கது. அங்கு எல்லா மனிதருக்காகவும் மன்றாடுமாறு நம்பிக்கையாளர் பணிக்கப்படுகின்றனர். அச்சொல்லின் வேரிலிருந்து பிறந்த வினையே உரோமையர் 8:27இல் தூய ஆவிக்கும், 8:34இலும் எபிரேயர் 7:25இலும் கிறிஸ்துவுக்கும் ஆளப்படுகிறது. மீட்பின் இணைப்பாளர் ஒருவரே. பரிந்து வேண்டுவோர் பலர். பவுலே தமக்காக வேண்டுமாறு பிறரைக் கேட்கிறார் (உரோமையர் 15:30). எனவே திமொத்தேயு வசனம் ஒன்றைக்கொண்டே புனிதரின் பரிந்துரையை மறுப்பது வலுவற்ற வாதம் என்பது என் முடிபு. அவ்வாதம் நிற்குமானால், உடன்வாழும் நண்பரிடம் ‘எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்பதும் குற்றமாகிவிடும்.

ஏற்போர் காட்டும் சான்றுகளும் இதே அளவு சோதனைக்கு உரியவை. திருவெளிப்பாடு 5:8இல் இருபத்துநான்கு மூப்பர் தூபம் நிறைந்த பொற்கிண்ணங்களை ஏந்துகின்றனர். அத்தூபம் ‘ஹாகியோய்’ எனப்படுவோரின் வேண்டுதல் என்று விளக்கப்படுகிறது. புனிதர் என்னும் சொல்லை இன்றைய பொருளில் கொண்டு இதனைப் படிப்பவர், பீடங்களில் வைத்து வணங்கப்பெறும் புனிதரின் வேண்டுதலே இது என எண்ணுவர். புதிய ஏற்பாட்டில் அச்சொல் மண்ணுலகில் வாழும் நம்பிக்கையாளர் அனைவரையும் குறிக்கும். பவுல் தம் திருமுகங்களை அவர்களுக்கே எழுதினார். கத்தோலிக்கர் முற்காலத்தில் ஆண்ட ‘அர்ச்சியசிஷ்டர்’, சீர்திருத்தத் திருச்சபையினரின் ‘பரிசுத்தவான்கள்’, திருவிவிலியத்தின் ‘இறைமக்கள்’ ஆகிய மூன்று சொற்களும் ஒரே கிரேக்கச் சொல்லின் மூன்று வாசிப்புகள் எனலாம். இறைமக்கள் என்னும் ஆட்சி இந்த வசனத்தில் மயக்கத்தை நீக்குகிறது. அவ்வாறு நீங்கியபின் எஞ்சுவது யாது? மண்ணுலகோரின் வேண்டுதல் விண்ணகத்தில் உள்ளோரின் கைகளில் இருக்கிறது. ஆனால் அது அவர்களை விளித்துச் செய்யப்பட்ட வேண்டுதல் என்பதற்குப் பாடத்தில் குறிப்பு ஏதும் இல்லை.

இதனினும் வலிய சான்று 2 மக்கபேயர் 15ஆம் அதிகாரம். மறைந்துபோன தலைமைக் குரு ஓனியாவும் இறைவாக்கினர் எரேமியாவும் மக்களுக்காக வேண்டுவதாக யூதா மக்கபே கனவு காண்கிறார். இறந்தோர் வேண்டுகின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேறில்லை. சீர்திருத்தத் திருச்சபையினர் இந்நூலை மறைநூல் தொகுப்பில் சேர்ப்பதில்லை. 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் அதனை உறுதியாகச் சேர்த்தது. இவ்வளவில் பூசல் நூற்பட்டியல் பற்றியதாக மாறிவிடுகிறது என்பர். எனக்கு அது முழுதும் சரியாகத் தோன்றவில்லை. இந்நூலை ஏற்றாலும் யூதா எரேமியாவை விளித்து எதையும் கேட்டதாக அதில் இல்லை. முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. இரண்டாம் வினா நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மனிதர் ஒருவர் மறைந்த தூயவரை நேரே விளித்துக் கேட்கும் இடங்கள் விவிலியத்தில் மிக அரியவை. லூக்கா 16இல் செல்வர் ஆபிரகாமை அழைத்து இரக்கம் வேண்டுகிறார். அது உவமை, கேட்பவரும் இறந்தவர், கேட்டதும் மறுக்கப்படுகிறது. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலைக் கேட்டோர் அவர் எலியாவை அழைக்கிறார் எனக் கருதியது (மத்தேயு 27:47) மக்களிடையே நிலவிய எண்ணம் ஒன்றைக் காட்டலாம், போதனை ஆகாது. எஞ்சுவது 1 சாமுவேல் 28. சவுல் மன்னன் ஏன்தோரில் இருந்த ஒரு பெண்ணின் வழியாகச் சாமுவேலை எழுப்பிக் கேட்கிறான். அது பெருங்குற்றமாகவே நினைக்கப்படுகிறது. இணைச் சட்டம் 18ஆம் அதிகாரமும் இறந்தோரிடம் குறி கேட்பதை விலக்குகிறது.

விலக்கப்படுவது குறி கேட்டல், அதாவது மறைவான செய்தியை அறிய முயலுதல். வேண்டுமாறு கேட்பது அதனின் வேறானது என்று கத்தோலிக்க உரையாளர் விடையிறுப்பர். அவ்விடை நேரியது. ஆயினும் சவுலின் கதையில் எளிதில் கடந்து போகக்கூடாத ஒரு செய்தி உண்டு. கனவினாலோ இறைவாக்கினராலோ இறைவன் தனக்கு விடை தரவில்லை என்று கண்ட பின்னரே அவன் சாமுவேலைத் தேடிச் செல்கிறான். கடவுள் கைவிட்டார், இனி இவரிடம் போவோம் என்னும் மனநிலையே அவன் செயலின் உள்ளீடு. புனிதரிடம் செல்லும் ஒருவரின் உள்ளத்திலும் இதே எண்ணம் இருக்குமாயின், செயல் வேறாயினும் அதன் அமைப்பு ஒன்றே. அத்தகைய எண்ணம் இல்லையெனில் சவுலின் குற்றத்தை அவர்மேல் சுமத்துவது அநீதி.

ஆகவே விவிலியம் ஏவவும் இல்லை. நேரே விலக்கவும் இல்லை. அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில்தான் திருச்சபைகள் பிரிந்தன. சொல்லாதது செய்யத்தகாதது என்பார் ஒருசாரார். விலக்காதது மரபின் துணையுடன் செய்யத்தக்கது என்பார் மற்றொருசாரார். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரிவுகளுள் 22ஆவது, புனிதரை விளித்தலுக்கு மறைநூலில் ஆதாரமில்லை என்பதோடு நில்லாமல், அது மறைநூலுக்கு முரணானது என்றும் கூறுகிறது. முதற்பகுதி சான்றோடு பொருந்துகிறது. இரண்டாம் பகுதி சான்றைத் தாண்டிச் செல்கிறது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் ஆண்ட சொற்கள் வியப்பளிக்கும் அளவுக்கு அடக்கமானவை: அது புனிதரை விளித்தலை நல்லது, பயனுள்ளது என்றது, மீட்புக்கு இன்றியமையாதது என்னவில்லை. ஆனால் அதனைச் சிலை வழிபாடு என்பாரைக் கடிந்தது. புனிதர் எவ்வாறு நம் குரலைக் கேட்கின்றனர் என்பதற்கும் விவிலியம் விடை தரவில்லை. மறைச்சாட்சியர் உதவுகின்றனர் என்று நம்பிய அகுஸ்தீனாரே, இறந்தோர்பால் காட்டவேண்டிய அக்கறை பற்றிய தம் நூலில், அது எவ்வகையில் நிகழ்கிறது என்பது தம் அறிவைக் கடந்தது என விட்டுவிடுகிறார்.

சான்றின் எல்லை இதுவெனின், எஞ்சுவது அறவினா. கேட்பவர் உள்ளத்தில் கடவுளைப் பற்றிய எந்த உருவம் இருக்கிறது? இங்குத் தமிழ்ச்சொல் நமக்கு உதவுகிறது. பரிந்துரை என்பதில் முதல் நிற்பது பரிவு. ஆனால் அலுவலக வழக்கில் அது சிபாரிசு என்னும் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சிபாரிசு செய்பவருக்குத் தேவை செல்வாக்கு. பரிந்துரைப்பவருக்குத் தேவை அன்பு. சிபாரிசு வேண்டப்படும் இடத்தில் அதிகாரி மனமற்றவர் என்பதும் உடன் கருதப்படுகிறது. யோவான் 16:26, 27 வசனங்களில் இயேசு, தந்தையிடம் உங்களுக்காகக் கேட்பேன் என்று நான் சொல்லவில்லை, தந்தையே உங்களை நேசிக்கிறார் என்னும் கருத்தை உரைக்கிறார். கிறிஸ்துவின் பரிந்துரையே இறைவனின் மனத்தைத் திருப்பும் முயற்சி அன்று என்றால், புனிதரின் பரிந்துரை அவ்வாறு இருத்தல் இயலாது. வைணவத்தின் புருஷகாரக் கோட்பாட்டை அறிந்தோர்க்கு இங்கு ஒப்புமை தோன்றக்கூடும். பிராட்டி பெருமானைப் பிரியாதவள்; புனிதரோ படைப்புயிர். ஒப்புமையை அதற்குமேல் இழுத்தல் ஆகாது.

கத்தோலிக்கத் தமிழ் மன்றாட்டு மாலைகள் இவ்வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே காத்துள்ளன. இறைவனை நோக்கிய விளிகளுக்கு ‘இரங்குதல்’ வினையும், புனிதரை நோக்கிய விளிகளுக்கு ‘வேண்டிக்கொள்ளுதல்’ வினையும் வரும். ஆனால் திருத்தலங்களில் மக்கள் தாமே சொல்லும் வேண்டுதல்களில் ‘தாரும்’, ‘காத்தருளும்’ என்னும் ஏவல்கள் புனிதரை நோக்கியே நேராகச் செல்கின்றன. லூத்தரன் மறுப்பின் வலிமை முழுதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீரமாமுனிவரின் மறுப்பு நூல்களையும், 18ஆம் நூற்றாண்டு முதல் தமிழில் அச்சேறிய செப நூல்களையும், வாய்மொழி வேண்டுதல்களையும் ஒருங்கே எடுத்து, எந்த விளியோடு எந்த ஏவல்வினை முடிகிறது என்று அட்டவணைப்படுத்தும் ஆய்வு செய்யப்பெறின், கொள்கைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள இடைவெளியை இறையியலாரினும் தமிழாய்வாளரே துல்லியமாக அளந்து காட்ட இயலும்.