அழைப்பு அனுப்புபவரின் ஆதாயம்

பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் மார்ச் மாதத்தை ஒட்டி மாணவர் சங்கங்களுக்குத் தேர்தல் வரும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற வரிசையில் பெரும்பாலும் கடைசிப் பெயர் நிகழ்ச்சிப் பொறுப்பாளருடையது. ஆய்வில் நாட்டமுள்ள இளங்கலை மாணவர்கள் நடத்தும் ஒரு சங்கத்தில் இந்தப் பொறுப்புக்கு நிற்பவர், தனக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது தவறா?

வேலை என்னவோ சிறியதல்ல. அறை பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு மாணவர் ஒன்றியத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும். விளம்பரம், சிற்றுண்டி, கடைசி நேரத்தில் வர இயலாது என்று வரும் மின்னஞ்சல் எல்லாம் இவர் தலையில்தான். சம்பளம் கிடையாது. இவ்வளவும் செய்தவர் பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் அதைப் பழிக்க நியாயமில்லை. மருத்துவப் பட்டதாரிகள் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தலைமைப் பொறுப்பு வகித்ததற்கு மதிப்பெண் தரும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. பெரியவர்கள் வகுத்த முறை அப்படியிருக்க, இருபது வயதுப் பிள்ளையிடம் மட்டும் துறவியின் மனத்தை எதிர்பார்ப்பது கொடுமை. தன்னலம் துளியும் இல்லாதவரே நிற்கலாம் என்றால், மாலை நேரத்தில் கடையில் வேலை பார்த்துப் படிப்பவர் நிற்கவே முடியாது. பிரதிபலன் இல்லாத உழைப்புக்கு நேரம் ஒதுக்க வசதி படைத்தவர்களால்தான் முடியும்.

ஆனால் இந்தப் பதவியின் உண்மையான ஆதாயம் பயோடேட்டா வரியில் இல்லை. அழைப்புக் கடிதத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தன் பெயரில் பேராசிரியருக்கு எழுதினால் பதில் வரலாம், வராமலும் போகலாம். சங்கத்தின் பெயரில் எழுதினால் பதில் வருகிற வாய்ப்பு கூடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் வரை கூடவே நடப்பதும், உரை முடிந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதும் பொறுப்பாளருக்கே வாய்க்கும். இளங்கலை மாணவரின் கோடைக்கால ஆய்வுக்கு லண்டன் கணிதச் சங்கம் உதவித்தொகை தருகிறது. அதற்கான விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியவர் மாணவர் அல்ல, வழிகாட்டும் ஆசிரியர். ஆகவே, ஒரு ஆசிரியரைத் தெரிந்திருப்பதே பாதி வாய்ப்பு. அந்த அறிமுகம் சங்கத்தின் பெயரால் கிடைத்தது. சங்கத்தின் பெயரோ முன்னே உழைத்தவர்களும் சந்தா கட்டியவர்களும் சேர்த்த சொத்து.

"நான் பாடுபட்டேன், அதனால் எனக்கு உரியது" என்ற வாதம் இங்கே முழுமையாக நிற்காது. உழைப்புக்கு உரிய பங்கு உண்டு. முதல் பங்கு உறுப்பினர்களுக்கு. தான் சேர விரும்பும் ஆய்வகத்தின் தலைவரையே பேச அழைப்பது தன்னளவில் குற்றமல்ல. அந்த விருப்பத்தைக் குழுவிடம் சொல்லாமல் மறைப்பது குற்றம். ஆண்டு முழுவதற்கும் தன் துறைக்காரர்களையே அழைத்துவிட்டு, அதைப் பொதுத்தேவை என்று காட்டுவது அதைவிடப் பெரிய குற்றம்.

சங்கத்துக்கு உண்மையில் யார் தேவைப்படுகிறார்கள் என்பதைவிட, சங்கம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று வேட்பாளர் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவிக்கு, பேராசிரியருக்கு நேரடியாக எழுதலாம் என்பதே தெரிந்திருக்காது. எழுதினால் என்ன சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும், ஊதியமில்லாத ஆய்வு வேலையை ஏற்கலாமா என்று அவளுக்கு ஆயிரம் கேள்விகள். நோபல் பரிசு பெற்றவரின் உரை அவளை மகிழ்விக்கும். முனைவர் பட்ட மாணவர்கள் நால்வர் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் சொல்லும் ஒரு மாலைப்பொழுது அவள் வாழ்க்கையையே மாற்றக்கூடும். அந்தக் கூட்டத்தால் பொறுப்பாளருக்குப் புகழ் வராது, பெரிய மனிதரின் அறிமுகமும் வராது. அதை முதல் மாதத்திலேயே நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்து, சொன்னபடி நடத்துபவர் நிற்கத் தகுந்தவர்.

சட்டம் இவ்வளவு தூரம் வராது. 1994-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மாணவர் ஒன்றியங்களின் முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. சிறு சங்கத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அதன் கணக்கிலேயே இல்லை. பல ஒன்றியங்களின் வாக்குச்சீட்டில், வேட்பாளர் ஒருவரே ஆனாலும், வேட்புமனுவை மறுபடி கோரும்படி வாக்களிக்க இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆயினும் போட்டியின்றி வருபவரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பது அரிது. அதனால்தான் எதிரே ஆள் இல்லாதபோதும் அவர் தன் திட்டத்தை எழுதி உறுப்பினர் முன் வைக்க வேண்டும். எந்தப் பேச்சாளரிடம் தனக்குத் தனிப்பட்ட நாட்டம் உண்டு என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதவிக்காலம் முடியும்போது இன்னொரு கடமை இருக்கிறது. யார் யாரை அழைத்தோம், யார் மறுத்தார்கள், யார் அடுத்த ஆண்டு வருவதாகச் சொன்னார்கள், மாணவரைக் கோடையில் சேர்த்துக்கொள்ள யார் தயாராக இருக்கிறார்கள் என்ற விவரம் அத்தனையும் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். மே மாதத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இதற்கு இரண்டு மாலைகள் செலவாகலாம். அந்த இரண்டு மாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே வேட்புமனுவில் கையெழுத்திட வேண்டும்.