இரண்டு முடிச்சு

குழம்பு மிஞ்சினால் அதை அப்புறப்படுத்துவதில் எனக்கு ஒரு நேர்த்தி உண்டு. மிஞ்சிய சோற்றோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுத் தெருமுனைத் தொட்டியில் வைத்துவிட்டு வருவேன். ஒழுகாது, நாறாது, எறும்பு வராது. பொறுப்புள்ள குடும்பஸ்தன் என்ற திருப்திகூட அந்த முடிச்சில் எனக்கு இருந்தது.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது வியப்புத்தான். முடிச்சின் நினைவு சற்றுப் பின்னால்தான் வந்தது. உள்ளே இருக்கும் சோற்றின் வாசனை மாட்டுக்குத் தெரியும். முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. விழுங்கியது இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது, கரைவதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்திருக்க, மாடு பட்டினியில் இளைக்கிறது.

இதில் என் பங்கு என்ன? ஒரு பை சில கிராம் இருந்தால் அதிகம். அந்த மாடு எங்கள் தெருப்பக்கம் வந்திருக்கவே முடியாது. 'என் ஒருவனால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்டால் கணக்கு என் பக்கம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பை வைத்த ஒவ்வொருவர் பக்கமும் அதே கணக்கு இருக்கிறதே! எல்லாரும் நிரபராதிகள், 52 கிலோ மட்டும் நிஜம். அடுத்த வீட்டுச் செம்பைத் திருடியவன் அந்த வீட்டாரின் முகத்தில் விழிக்கக் கூசுவான். இந்தக் குற்றத்தில் விழிக்க வேண்டிய முகம் எது?

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் இருந்து பார்த்தேன். கடைகளில் தரும் இந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நான் வெறுங்கையோடு போய் நின்றால், மளிகைக் கடைக்காரர் இரு பக்கமும் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவுகிறார். நானும் இரு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன். (லஞ்சத்தைக் கண்டித்து ஒரு நாவலே எழுதியவன் நான்!)

இப்போது கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒரு குழி வெட்டியிருக்கிறேன். மிச்சம் அதற்குள் போகிறது. எறும்பு வருகிறது, நாற்றமும்தான். "வீட்டைச் சுத்தமாய் வைத்திருந்தவர் நீங்கள்தானே?" என்கிறாள் மனைவி.

போன வாரம் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகச் சோம்பலாக இருந்தது. அடுக்களை மூலையில் ஒரு பை கிடந்தது. இரண்டு வேண்டாம், ஒரு முடிச்சே போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.