பள்ளி என்னும் ஒரு சொல்

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல இன்று கொச்சிக்குப் புறப்பட்டுவிடுகின்றன. சீன வலைகளைக் கண்டு, படகில் ஏறி இறங்கி, ஏலமும் மிளகும் வாங்கித் திரும்புவது வழக்கமாகிவிட்டது. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் சுற்றி வருகின்றவர் ஒரே முற்பகலில் கிறிஸ்தவ ஆலயத்தையும், யூதர் தொழுமிடத்தையும், பகவதி கோயிலையும், சமணக் கோயிலையும், செம்பிட்ட பள்ளி என்னும் பழம்பெரும் பள்ளிவாசலையும் கண்டுவிடலாம். அப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்: "உம்மா, நாமும் உள்ளே போகலாமா?"

பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்று வரும். "நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது ஒன்று. "போனால் என்ன, எல்லாம் ஒன்றுதானே!" என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தில் பிறந்தது. பின்னது சோம்பலில் பிறந்தது. இரண்டுமே கேட்ட கேள்விக்கு விடையாகா.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை முதலில் நோக்குவோம். ஸூரத்துல் ஹஜ்ஜின் 40-ஆம் வசனம் துறவியர் மடங்களையும், கிறிஸ்தவ ஆலயங்களையும், யூதர் தொழுமிடங்களையும், பள்ளிவாசல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கூறுகிறது. மனிதருள் சிலரைக் கொண்டு சிலரை இறைவன் தடுத்திராவிடில் இவை தகர்க்கப்பட்டிருக்கும் என்பது அதன் கருத்து. போரிட முஸ்லிம்களுக்கு முதன்முதலாக அனுமதி தந்ததாகக் கருதப்படும் வசனத்தை அடுத்தே இது வருகிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக் குழுவினர் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே தம் வழிபாட்டை நிறைவேற்றினர் என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறுகிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் நகரினுள் சென்ற செய்தி நாம் அடிக்கடி மேடைகளில் கேட்பது. தொழுகை நேரம் வந்தபோது, கிறிஸ்தவரின் தலைமைக் குரு தம் பேராலயத்திலேயே தொழும்படி வேண்டினார். உமர் அவர்கள் மறுத்து வெளிப்படிகளில் தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், பிற்கால முஸ்லிம்கள் அதையே காரணம் காட்டி ஆலயத்தை எடுத்துக்கொள்வர் என்பது அவர்கள் கூறிய விளக்கம். இச்செய்தியை நமக்கு எழுதிவைத்தவர் முஸ்லிம் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவத் தலைமைக் குரு ஒருவர். தம் ஆலயத்தில் ஒருவர் தொழ மறுத்ததை அச்சமயத்தார் அவமதிப்பாகக் கொள்ளவில்லை, மரியாதையாகவே கொண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சட்ட அறிஞர்கள் இதில் ஒரே கருத்தினராக இருந்ததில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் உருவச் சிலைகள் இல்லாத ஆலயங்களில் தொழுவார்கள் என்று ஸஹீஹுல் புகாரியின் ஒரு பாடத் தலைப்பிலேயே உண்டு. உருவங்களை முன்னிட்டு நாங்கள் உங்கள் ஆலயங்களில் நுழைவதில்லை என்னும் உமர் அவர்களின் கூற்றும் அங்கேயே உண்டு. ஹனஃபி நூல்கள் அது வெறுக்கத்தக்கது என்கின்றன. ஹன்பலி அறிஞருள் பலர் தடையில்லை என்கின்றனர். ஷாஃபிஈ நூல்கள் வற்புறுத்துவது, அவ்விடத்துக்கு உரியவர்களின் அனுமதி. எனக்கு இந்நிபந்தனை மிகவும் பிடித்திருக்கிறது. நுழைவது நம் உரிமை என்று அது சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கு அவர்களே உரியவர்கள் என்கிறது.

இனிக் கொச்சிக்கு வருவோம். 1341-இல் பெரியாற்றில் எழுந்த பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் கழிமுகம் கப்பல்களுக்கு வழிவிட்டது என்பர். அதன் பின்னர் வணிகர் கூட்டம் அங்கே பெயர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி ஏற்றிச் சென்ற நம் மரைக்காயர்களும் அவர்களுள் அடங்குவர். கோவாவில் போர்ச்சுகீசியரின் கொடுமைக்குத் தப்பி வந்த கொங்கணி மக்கள் தம் கோயிலை அங்கே எழுப்பிக்கொண்டனர். யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் அளித்தார். 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியும் அரண்மனைக் கோயிலும் இன்றும் ஒட்டி நிற்கின்றன. ஒரு பக்கம் மணியோசை, மறுபக்கம் எபிரேய மொழியில் ஓதல். தம் பகவதியை விட்டுவிட்டு யூதரின் மார்க்கத்தை ஏற்க அந்த அரசர் எண்ணியதில்லை. எல்லாம் ஒன்றே என்று கருதித்தான் அவர் நிலம் கொடுத்தார் என்பதற்கும் சான்றில்லை. தமக்கு அடைக்கலமாக வந்தவர் தம்மைப் போல இருக்க வேண்டியதில்லை என்று அவர் கருதினார். அதுவே போதுமானதாக இருந்தது.

மலையாள மக்கள் பள்ளிவாசலையும் பள்ளி என்பர், கிறிஸ்தவ ஆலயத்தையும் பள்ளி என்பர், யூதரின் தொழுமிடத்தையும் பள்ளி என்பர். பழந்தமிழில் சமண பௌத்தத் துறவியரின் உறையுளுக்கு வழங்கிய சொல் அது. நம் பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளிதான். சொல் ஒன்றாயிற்றே என்று பொருளும் ஒன்றென மயங்கியவர் மலையாளக் கரையில் எவருமில்லை.

ஆனால் கொச்சியை நல்லிணக்கத்தின் ஓவியமாக மட்டும் தீட்டுவது சுற்றுலாத் துறையின் வேலை. பிரான்சிஸ் தேவாலயத்தினுள் போய் நின்று பாருங்கள். 1503-இல் போர்ச்சுகீசியர் மரத்தால் எழுப்பிப் பின்னர் கல்லால் கட்டிய ஆலயம் அது. எல்லாரும் கூடி நிற்பது பீடத்தின் முன் அன்று. வலப்பக்கம் தரையில் கம்பி வேலியிட்ட ஒரு கல்லின் முன். 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. எலும்புகள் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தக் கல்லின் முன் நிற்கும் முஸ்லிமுக்கு 1502 நினைவுக்கு வராமல் போகாது. ஹஜ்ஜை முடித்து மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்னும் கப்பலை மலையாளக் கரைக்கு அருகே மடக்கி, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பல நூறு பேருடன் எரித்தவர் இவர். செய்தியை எழுதிவைத்தவருள் அவருடைய கப்பற்படையிலேயே வந்த போர்ச்சுகீசியரும் உண்டு. ஆகையால் இதை நம்மவரின் மிகைப்படுத்தல் என்று ஒதுக்க இயலாது.

இந்நினைவுடன் அங்கே நிற்பது தகுமா? தகும் என்றே கருதுகிறேன். அந்த ஆலயம் 1663-இல் டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபைக்கு உரியதாக இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே முழந்தாளிடும் மலையாளக் குடும்பத்துக்கும் அக்கப்பலுக்கு வைத்த தீக்கும் என்ன தொடர்பு? கொலையாளியைப் புதைத்த இடத்தில் நின்றுகொண்டே, அங்கே இறைவனை அழைக்கும் மக்களை வேறாகக் காண்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பெற முடியாது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும்போது அதே பயிற்சி நமக்கு எதிராகத் திரும்பும். காமா இறந்த அந்த 1524-ஐ ஒட்டியே, கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கினர். பலரைக் கொன்று, வீடுகளையும் தொழுமிடங்களையும் அழித்தனர். இதை எழுதியவர் பகைவர் அல்லர். போர்ச்சுகீசியரை எதிர்த்து நிற்கும்படி முஸ்லிம்களை அழைத்துத் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூலை அரபியில் யாத்த பொன்னானியின் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே அதை மறைக்காமல் பதிவு செய்தார்கள். காரணம் எதுவாயினும், ஸூரத்துல் ஹஜ்ஜின் அந்த வசனத்தை ஓதியவர்களின் கைகளால் அது நடந்தது. கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதர்கள் கொச்சியில் இடம் தேடினர். மீரியை மறவாத நாம் கொடுங்கல்லூரை மறப்போமானால், நம்மிடம் இருப்பது நினைவு அன்று. வழக்கு மன்றத்துக்கு எடுத்துச் செல்லும் கோப்பு.

யூதப் பள்ளியினுள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பிற நாட்டு யூதருள் பெரும்பாலோரிடம் இல்லாத வழக்கம் இது. தரையில் சீனத்திலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய வெள்ளை ஓடுகள். 1662-இல் போர்ச்சுகீசியர் இதைச் சிதைத்தனர். டச்சுக்காரர் வந்த பின் மீண்டும் எழுந்தது. இத்தனை துன்பம் கண்ட இல்லத்திலும், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரை மற்றவர்க்குச் சமமாக அமரவிடாத காலம் ஒன்று இருந்தது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம், காந்தியடிகளின் வழியில் அங்கேயே அறப்போர் நடத்தினார். ஒடுக்கப்பட்டவனும் ஒடுக்குவான் என்பதை அறிய நாம் யூதரைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. எனினும் அங்கே அது கண்ணுக்கு நேராக இருக்கிறது.

1948-இல் இஸ்ரேல் அமைந்த பின்னர் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் நெறி. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் கிடைக்காமற்போய் நெடுங்காலமாயிற்று. ஜுமுஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்னும் ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்த நம் கடற்கரை ஊரார்க்கு அதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் யூதப் பள்ளியின் மரவேலைப்பாடுகள் ஜெரூசலத்து அருங்காட்சியகத்தில் அணிசெய்கின்றன. அவற்றை இழந்த கட்டடமோ 2019-இன் மழையில் இடிந்து சரிந்தது. தொழுவோர் போய்விட்ட இல்லத்தில் பார்வையாளரே எஞ்சுகின்றனர்.

அப்படியானால் பார்வையாளராகிய நாம் அங்கே யாராக நிற்பது? கொச்சிக்குத் தெற்கே கொல்லத்தில், கி.பி. 849-இல் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு எழுதினார். வட்டெழுத்தில் பொறித்த அதன் மொழி தமிழருக்கும் பெரிதும் விளங்கும். சாட்சிக் கையெழுத்துகள் உள்ள ஏட்டில் மூவகை எழுத்துகளைக் காணலாம்: கூஃபி எழுத்தில் அரபுப் பெயர்கள், பஹ்லவியில் பாரசீகப் பெயர்கள், எபிரேய எழுத்தில் யூதப் பெயர்கள். ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரியது அதற்கு உரியதே என்று முஸ்லிம் வணிகர்கள் தம் எழுத்தில் ஒப்பமிட்டனர். அதனால் அவர்கள் ஷஹாதத்தில் குறை நேர்ந்துவிட்டதா? ஷஹாதத் என்னும் சொல்லுக்கும் சாட்சியம் என்பதுதானே பொருள்!

கோயில்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கேரளத்தின் பெரும்பாலான கோயில்களில் பிற சமயத்தார் உள்ளே செல்ல அனுமதி இல்லை. அதனால் மட்டாஞ்சேரியில் வாயிலுக்கு வெளியே நின்று விளக்கொளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். சிலர் இதற்கு மனம் புழுங்குகின்றனர். அனுமதியை நிபந்தனையாக்கிய நம் அறிஞர்களின் நூல்களைப் படித்தவர் புழுங்க வேண்டியதில்லை. மேலும், மக்காவின் எல்லையில் நாம் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையும் நினைவுக்கு வரவேண்டும்.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கோ அத்தகைய தடை எதுவும் இல்லை. இருந்தும், நாகூர் தர்காவுக்குத் தயங்காமல் வந்து செல்லும் இந்துப் பெருமக்களுள் ஒரு பள்ளிவாசலின் உட்புறத்தைக் கண்டவர் எத்தனை பேர்? அண்மை ஆண்டுகளில் சில ஊர்களில் அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பள்ளியைக் காட்டுகிறார்கள்; நல்ல வழக்கம்தான். கீழக்கரையிலும் காயலிலும் கல்தூண் பள்ளிகளின் அழகைக் காண வருகிறவர் உள்ளே நுழைந்ததும் மிஹ்ராபையும் மிம்பரையும் விரித்த பாயையும் தவிர வேறொன்றும் காணமாட்டார். ஏன் இங்கே எதுவுமில்லை என்று கேட்பார். உடன் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளை அதற்கு விடை சொல்லும் அளவுக்கு நாம் அவனுக்கு ஏதேனும் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?