தண்ணீர் கிடைக்கும் வழி

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி ரயில் எஞ்சின் என்றால் பலருக்கும் வேகம் நினைவுக்கு வரும். எனக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை 392 மைல் தூரத்தை இந்த எஞ்சின் எங்கும் நிற்காமல் கடந்தது. கரியும் நீரும் வைக்க எஞ்சினுக்குப் பின்னால் கோக்கும் பெட்டிதான் டெண்டர். அது சுமந்தது சுமார் 5000 கேலன் தண்ணீர். அத்தனை தூரத்துக்கு அது போதாது. தண்டவாளங்களுக்கு நடுவே ஆங்காங்கே நீண்ட தொட்டிகள் இருந்தன. டெண்டரின் அடியிலிருந்து வளைகுழாயை இறக்கி, ஓடியபடியே நீரை அள்ளிக்கொண்டது. அந்தத் தொட்டிகளை நிரப்பி வைத்தவர்களுக்கும் அந்தச் சாதனையில் பங்கு உண்டு.

*

டீசல் வந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. 1963இல் எஞ்சினை விலைக்கு வாங்கிக் காப்பாற்றிய ஆலன் பெக்லர், 1966இல் தண்ணீருக்கென்றே இரண்டாவது டெண்டர் ஒன்றைக் கோத்தார். எஞ்சினில் குறையில்லை, வழிதான் வறண்டிருந்தது.

*

2008இல் புதிதாகக் கட்டி முடித்த டோர்னேடோ பழைய வரைபடங்களின்படி உருவான நீராவி எஞ்சின். ஆனால் அதன் டெண்டரில் நீர் அள்ளும் குழாயை விட்டுவிட்டார்கள். கரிக்கான இடத்தைக் குறைத்து, 6200 கேலன் நீருக்கு இடம் செய்தார்கள். இழந்ததை ஒப்புக்கொண்ட பிறகே அது ஓடத் தொடங்கியது.

*

தண்ணீரோடு நேரமும் வேண்டும். குளிர்ந்த கொதிகலனில் பயணத்துக்கு வெகு முன்பே தீ மூட்டிவிட வேண்டும். அவசரப்படுத்தினால் உலோகம் சீராக விரியாது, இணைப்புகள் கசியும். அந்த மெதுவான நேரத்தை எந்தப் பணத்தாலும் சுருக்க முடியாது.

*

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் பெரும் பழுதுபார்ப்பு 2006 முதல் 2016 வரை நீண்டது. செலவு சுமார் 42 லட்சம் பவுண்ட். 2016 பிப்ரவரி 25 அன்று கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்குக் கிளம்பியது. பார்க்க வந்தவர்களில் சிலர் தண்டவாளத்தில் இறங்கியதால் வழியில் நிற்க நேர்ந்தது. பிரியத்தோடு வேலிக்கு இப்பால் நிற்கத் தெரிவதும் ஒரு பாதுகாப்புப் பணியே.

*

இன்று நீராவி எஞ்சின் ஓட, தண்ணீர் டேங்கர் லாரி குறித்த இடத்தில் காத்திருக்க வேண்டும். அந்த நிறுத்தத்துக்கு, நெரிசலான கால அட்டவணையில் இடம் கேட்டுப் பெற வேண்டும். கரி போடக் கை பழகிய இளையவர்கள் வேண்டும். எஞ்சினை மீட்கும் வேலை பட்டறையில் முடிந்துவிடும். ஓட்டத்தை மீட்கும் வேலை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகத் தொடங்கும். எஞ்சினின் பச்சை வண்ணப்பூச்சுக்கு மனமுவந்து நன்கொடை தருபவர்கள், லாரித் தண்ணீருக்கும் ஃபயர்மேன் பயிற்சிக்கும் அதே மனத்தோடு தர வேண்டும்.